இலவச உரிமம் முடியும் முன் இதைப் பாருங்கள்

ஏற்காட்டில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கணக்கு எழுதும் அக்கா ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார். "தம்பி, எக்செல் திறக்குது, ஆனா ஒரு எழுத்துகூட அடிக்க விடல."

தொண்டு நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் இலவசமாகத் தந்துவந்த பிசினஸ் பிரீமியம் (வேர்டு, எக்செல் எல்லாம் கணினியிலேயே நிறுவி ஓடும் தொகுப்பு) உரிமங்கள், 2025 ஜூலை 1 முதல் அவரவர் புதுப்பிப்பு தேதியோடு நின்றுபோகின்றன. உரிமம் முடிந்துவிட்டால் கோப்பைப் படிக்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது. அதனால் மைக்ரோசாப்ட் 365 நிர்வாகப் பக்கத்தில் பில்லிங் பகுதிக்குப் போய் உங்கள் தேதியை இன்றே பாருங்கள்.

இதைவிடச் சிறிய தொகுப்பான பிசினஸ் பேசிக் தொண்டு நிறுவனங்களுக்கு 300 பேர் வரை இன்னும் இலவசம்தான். ஆனால் அதில் வேர்டும் எக்செல்லும் பிரவுசரிலும் போனிலும் மட்டுமே ஓடும். சேலம் டவுனில் இருப்பவர்களுக்கு அது போதும். மலைக் கிராமத்தில் சிக்னல் போனால் வேலையும் நின்றுவிடும். அங்கே போகும் லேப்டாப்புகளில் இணையம் இல்லாமலே ஓடும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் போட்டோம், செலவே இல்லை. மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வைத்த கணக்குத் தாள்கள் அதில் சரியாக ஓடாமல் போகலாம் என்பதால், அக்காவுக்கு மட்டும் தள்ளுபடி விலையில் பிரீமியம் வாங்கினோம்.

அப்புறம் ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். வேறு கணினிக்கு மாற்றும் முன் எழுத்துருக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.