பழைய பிரெஞ்சு சைக்கிள் ஹப்: தரம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிரெஞ்சு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் அதன் அச்சான ஆக்சிலை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். நெடுநேரம் சுற்றினால் நல்ல ஹப், கரகரத்தால் மோசம் என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. கிரீஸை வழித்தெடுத்துவிட்டு ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் தேய்ந்துபோன ஹப்கூட நிற்காமல் சுற்றும். பல வருஷம் ஓடாமல் கிடந்த நல்ல ஹப்போ, கிரீஸ் காய்ந்து மெழுகாகிப்போனதால் முக்கி முனகித்தான் திரும்பும். கழற்றிப் பார்க்காமல் தரத்தைச் சொல்ல முடியாது.

கழற்றியதும் கோனை (ஆக்சிலில் திருகியிருக்கும் கூம்பை) மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பால்ஸ், அதாவது எஃகுக் குண்டுகள், ஓடிய தடம் மெல்லிய, சீரான கோடாக இருந்தால் அது ஓடியதற்கான அடையாளம்தான், குறையல்ல. அந்தத் தடத்தின் மேல் பால்பாயின்ட் பேனா முனையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய குழியில்கூட முனை தட்டும். குழி விழுந்த கோனைத் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம். ஆனால் பலரும் கோனோடு நிறுத்திக்கொண்டு, ஹப்புக்குள் இறுக்கி அமர்த்தியிருக்கும், பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப்பைத் துடைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கப்பில் குழி விழுந்திருந்தால் மாற்றுக் கிடைப்பது மிகவும் அரிது. அந்த ஹப்பை விட்டுவிடுவதே நல்லது.

குவிக் ரிலீஸ் (லீவரை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும் அமைப்பு) உள்ள ஹப்பில் லேசான ஆட்டம் தெரிந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். லீவரை மடக்கும்போது ஆக்சில் ஒரு துளி அழுந்தி கோன்கள் நெருங்கும். ஆகவே லீவர் திறந்திருக்கும்போது மயிரிழை ஆட்டமும், ஃபிரேமில் பூட்டியபின் ஆட்டமே இல்லாமலும் இருப்பதுதான் சரியான அட்ஜஸ்ட்மென்ட். பூட்டாத நிலையிலேயே ஆட்டம் போகும்வரை இறுக்கி ஓட்டினால் நல்ல கோனையும் கெடுத்துவிடுவீர்கள்.

பணத்தை அதிகம் காவு வாங்குவது மரை, அதாவது ஃப்ரீவீல் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) ஹப்பில் திருகி ஏறும் புரி. பிரெஞ்சு ஃப்ரீவீல் மரை 34.7 மி.மீ விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ இடைவெளி. ஆங்கில மரை 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ, அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கில ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் கையாலேயே சுலபமாக ஏறிவிடும். அந்தச் சுலபத்தைப் பொருத்தம் என்று நம்பி மேட்டில் அழுத்தி மிதித்தால், அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். பிரெஞ்சு ஃப்ரீவீலை ஆங்கில ஹப்பில் பலவந்தமாகத் திருகினாலும் மரை நாசம்தான். விட்டம் அளக்கும் வெர்னியரை மட்டும் நம்ப வேண்டாம். வித்தியாசம் 0.1 மி.மீ, தேய்மானமே அவ்வளவு இருக்கும். த்ரெட் கேஜ் (மரையில் பொருத்திப் பார்க்கும் பல் தகடு) வைத்து இடைவெளியைப் பாருங்கள். பத்து மரைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் என்பதால் ஏமாற வழியில்லை. பிரெஞ்சு ஹப் என்பதாலேயே பிரெஞ்சு மரைதான் என்றும் எண்ணாதீர்கள். ஏற்றுமதிக்காக ஆங்கில மரையிலும் ஏராளமாகச் செய்தார்கள். அமெரிக்காவின் ஷ்வின் சைக்கிள்களில் வந்தவை அப்படிப்பட்டவை.

ஸ்போக்கும் ரிம்மும் இல்லாமல், ஃப்ரீவீல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹப் மலிவாகக் கிடைக்கும். யோசித்து வாங்குங்கள். ஃப்ரீவீலைக் கழற்றத் தேவையான நெம்பு விசையைத் தருவது ரிம்தான். வெறும் ஹப்பை வைஸில் இறுக்கினால் ஃபிளான்ஜ் (ஸ்போக் மாட்டும் விளிம்பு) வளைந்துவிடும். உங்கள் பழைய வீலைப் பிரிக்கும்போதும் முதலில் ஃப்ரீவீலைக் கழற்றுங்கள், பிறகு ஸ்போக்கை வெட்டுங்கள்.

பெயரை வைத்து எடைபோடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நார்மண்டி, ஆட்டம் (Atom) இரண்டுமே பிரான்சின் ஆன்ஷ்வில் ஊரில் இயங்கிய மயார் (Maillard) நிறுவனத்தின் வணிகப் பெயர்கள். பெஜோ (Peugeot) சைக்கிளின் சாதாரண யூஓ-8 மாடலிலும் நார்மண்டி ஹப் வந்தது. பந்தய பிஎக்ஸ்-10 மாடலில் வந்த லக்ஸ் கொம்பெத்திசியோன் ஹப்பும் நார்மண்டிதான். பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குபவர்கள் நல்ல ஹப்புகளைக் கோட்டைவிடுகிறார்கள். பின்னால் வந்தது எல்லாமே மேல் என்பதும் சரியல்ல. 1980களில் மயார் கொண்டுவந்த ஹெலிகோமாட்டிக் ஹப்பில் பல்சக்கரத் தொகுதியைச் சின்னச் சாவியால் நிமிஷத்தில் கழற்றலாம். அருமையான யோசனை. ஆனால் அதற்கு இடம் விட்டதில் வலது பக்கம் வழக்கமான 1/4 அங்குல பால்ஸுக்குப் பதில் 5/32 அங்குல பால்ஸ்தான் போட முடிந்தது. சுமை அதிகம் விழும் பக்கத்தில் சின்ன பால்ஸ் என்றால், கோன் சீக்கிரமே தேய்ந்துவிடும். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வலது கோனைப் பார்க்காமல் ஹெலிகோமாட்டிக் வாங்காதீர்கள்.

பாலிஷ் போட்டுப் பளிச்சென்று இருக்கும் ஹப்பில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், அடியில் இருந்த அரிப்பும் சேர்த்துத் தேய்க்கப்பட்டிருக்கலாம். ஸ்போக் ஓட்டைகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் தெரிந்தால் பேரமே வேண்டாம். முன் ஹப் அகலத்தையும் அளந்துவிடுங்கள். பழையவற்றில் 100 மி.மீக்குப் பதில் 96 மி.மீ இருப்பதுண்டு.

மாக்ஸிகார் ஹப்பைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓட்டும் பிரெஞ்சு ஓட்டிகள் தேடி வாங்கிப் பூட்டியது அது. வலது ஃபிளான்ஜில் சாவித் துவாரம் போன்ற ஓட்டைகள் இருப்பதால், உடைந்த ஸ்போக்கை ஃப்ரீவீலைக் கழற்றாமலே மாற்றலாம். தூசி புகாத அடைப்பு இருப்பதால் விரலால் சுற்றினால் கொஞ்சம் கனமாகத்தான் திரும்பும். அதைக் கோளாறு என்று எண்ணி விலையைக் குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதன் உள்பாகங்கள் அதற்கென்றே செய்தவை, சாதாரணக் கோன் எதுவும் சேராது. எல்லாப் பாகமும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தபிறகே காசைக் கொடுங்கள்.