பால் பல்லு சொத்தையாகாம இருக்க ராத்திரியைக் கவனிங்க

சேரன்மகாதேவி பக்கம் ஒரு அங்கன்வாடியில வேலை பார்க்கேன். சில பிள்ளைகளுக்குக் கீழ்ப்பல் பளிச்சுனு இருக்கும், மேல் முன்பல் நாலும் கருகிப் போயிருக்கும். பார்த்த உடனே அம்மாக்கிட்ட நான் கேக்குதது, "ராத்திரி பால்பாட்டிலோடயா தூங்குதான்?" பாட்டிலைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கிடும், பால் மேல்பல்லைச் சுத்தித் தேங்கும். தூக்கத்தில எச்சில் ஊறுததும் குறைஞ்சிரும். வாயில உள்ள கிருமி அந்த இனிப்பைத் தின்னு அமிலமாக்கும், அதுதான் பல்லை அரிக்கி.

அதனால முதல் வேலை ராத்திரி பாட்டிலை நிறுத்துதது. ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு முதல்ல பாலுக்குச் சீனி போடுததை விடுங்க. பிறகு தூங்கும்போது கொடுக்குத பாட்டில்ல மட்டும் நாளுக்கு நாள் தண்ணியைக் கூட்டி, கடைசியில வெறும் தண்ணி ஆக்குங்க. பகல்ல பால் டம்ளர்லதான். சில ராத்திரி அழத்தான் செய்யும், இரங்கிராதீங்க. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லலை. பல் முளைச்ச பிறகு தூங்குததுக்கு முன்ன பல் தேய்ச்சிவிடுங்க, அவ்வளவுதான்.

சீனி கெடுதின்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா கருப்பட்டியும் பனங்கல்கண்டும் மருந்தாம்! இருமுத பிள்ளை வாயில கல்கண்டை ஒதுக்கித் தூங்கவைக்குத ஆச்சிமாரை எனக்குத் தெரியும். பாசத்துல செய்யுதாவ, ஆனா பல்லுக்குச் சீனியும் இதுவும் ஒண்ணுதான். அல்வாவே கொடுக்காதீங்கன்னு சொல்லலை. கொஞ்சம் வளந்த பிள்ளைக்கு மத்தியானச் சோத்தோட ஒருதரம் கொடுத்து, தண்ணி குடிக்க வைங்க. நாள் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமா சப்புததுதான் பெரிய கேடு. இருமல் மருந்துலயும் சீனி உண்டு, குடிச்சதும் தண்ணி கொடுங்க.

முதல் பல் எட்டிப்பார்த்த அன்னைக்கே தேய்க்க ஆரம்பிக்கணும். சாம்பலும் உப்பும் வேண்டாம். சின்ன மெத்து பிரஷ்ல, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் ஒரு அரிசி அளவு. மூணு வயசுக்கு மேல பட்டாணி அளவு. உறையில ஃபுளோரைடு அளவு 1000 பிபிஎம்னு போட்டிருக்கான்னு பாருங்க. பிள்ளை தலையை மடியில சாய்ச்சு, மேலுதட்டைத் தூக்கி, ஈறு ஓரம் மெதுவா தேய்ங்க. காலையில விட்டாலும் ராத்திரி விடக்கூடாது. ஆறேழு வயசு வரை பெரியவங்கதான் தேய்ச்சுவிடணும்.

உதட்டைத் தூக்கும்போது ஈறு ஓரம் சுண்ணாம்பு பூசினாப்ல வெள்ளைக் கோடு தெரியுதா? சொத்தையோட ஆரம்பம் அது. அந்த நேரத்துல பல் டாக்டர்கிட்ட போனா துளை விழாம தடுத்திரலாம்.

"பால் பல்லுதான டீச்சர், விழுந்து முளைச்சிரும்லா"ம்பாவ. கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயசு வரை இருக்கும். பிள்ளை சோறு மெல்லுதது அதுலதான். பின்னால வர்ற பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்குததும் அதுதான்.

முதல் பிறந்தநாளுக்குள்ள ஒருதரம் பல் டாக்டரைப் பாருங்க. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு. கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருந்தா மறுநாள்னு தள்ளாம அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.