மாருதி 800 சூடேறினால் ரேடியேட்டர் மேல் பழி போடாதீர்கள்

எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புப் பக்கம் நகர்ந்ததும் ரேடியேட்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். வண்டி எப்போது சூடேறுகிறது என்று இரண்டு நாள் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் அது பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் கோளாறு. ஃபேனின் சாக்கெட்டைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்துப் பாருங்கள், கையும் சட்டையும் இறக்கைப் பக்கம் போகாமல். சுற்றினால் மோட்டார் நல்லது, ஃப்யூஸ், ரிலே, சூடேறியதும் ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்ச் என்று வரிசையாகத் தேடலாம். சுற்றவில்லையா, மோட்டாரைத்தான் பிரிக்க வேண்டும்.

மாறாக, நாற்பதில் சும்மா இருந்துவிட்டு எண்பதில் போகும்போதோ மலை ஏறும்போதோ சூடேறினால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம். வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டி என்றால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரை ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்திருக்கும். எஞ்சினை அணைத்து, ஃபேன் வயரையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கையால் பட்டும் படாமலும் தடவுங்கள். சுற்றிலும் சுட, நடுவில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அடைப்பு அங்கேதான். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடான பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, திறக்காமல் இருக்கலாம். அதைக் கழற்றி அடுப்பில் தண்ணீரில் போட்டால் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்கு முன்பே திறந்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று என் வண்டியில் ஒரு மெக்கானிக் அதைத் தூக்கியே போட்டுவிட்டார், அப்புறம் காலையில் எஞ்சின் சூடாகவே நேரம் பிடித்து மைலேஜ் குறைந்ததுதான் மிச்சம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று போட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. உள்ளே ரப்பர் வெடித்திருந்தால் பேசாமல் புது மூடி வாங்கிவிடுங்கள், விலை குறைவுதான். ஆனால் சூட்டில் மட்டும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

எங்கும் ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? முதலில் முன்சீட்டுக் கால்மிதியின் அடியில் ஈரம் பாருங்கள், எஞ்சினின் இதே சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் ஒழுகலாம். அதுவும் இல்லையென்றால் காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றுக் குமிழி முதலில் கொஞ்சம் வரும், அது பரவாயில்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆயில் குச்சியில் பால் காபி நிறமும் தெரிந்தால், எஞ்சின் தலைக்கும் பிளாக்கிற்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

வழியில் ஊசி ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ப்ளோயரைப் போட்டபடி ஓரம் கட்டுங்கள். வேர்த்துக் கொட்டும், எஞ்சின் பிழைக்கும். ஏறிய ஊசி திடீரென்று சர்ரென இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சென்சாரைத் தொடக்கூட உள்ளே தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம், உடனே அணைத்துவிடுங்கள்.