இணையவழி வகுப்பில் மாணவர்களின் ஆர்வம் வடியாமல் இருக்க: புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 2012 முதல் 2018 வரை எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்திய இலவசப் படிப்புகளில் பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடப்பகுதிக்குள் நுழையவே இல்லை. எனவே உங்கள் உழைப்பின் பெரும்பங்கை முதல் வாரத்துக்கு ஒதுக்குங்கள்.

படி 1: முதல் நாளே முடிக்கக்கூடிய ஒரு வேலை கொடுங்கள். கணக்குப்பதிவுப் படிப்பு என்றால், தன் ஒரு வாரச் செலவைப் பட்டியலிட்டுக் கூட்டிப் பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும். கூடவே, "இந்தப் படிப்பில் ஏன் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு வரியில் பதில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தேவைப்படும்.

படி 2: வீடியோவைச் சுருக்குங்கள். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. நாற்பது நிமிடப் பாடத்தை அப்படியே துண்டு போட்டால் பயனில்லை. ஒவ்வொரு வீடியோவும் ஒரே ஒரு கேள்விக்கு முழுமையாக விடை சொல்ல வேண்டும்.

படி 3: வீடியோ முடிந்ததும் இரண்டு கேள்விகள். மதிப்பெண் வேண்டாம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நெடுநாள் தங்கும்.

படி 4: மௌனமானவர்களைத் தேடுங்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நேரடி வகுப்பில் காலி இருக்கை கண்ணில் படும். இணையத்தில் ஒருவர் விலகுவது யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், உள்ளே வராதவர்களின் பட்டியலை எடுங்கள். எல்லோருக்கும் ஒரே நினைவூட்டலை அனுப்பாமல், பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள்:

"கடையின் கணக்கை நீங்களே பார்க்க வேண்டும் என்று சேர்ந்தீர்கள். அதற்கு நேரடியாக உதவுவது மூன்றாம் பாடம். இரண்டாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் தடைபட்டது என்று ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்து சரிசெய்வோம்."

முதல் நாள் வாங்கிய அந்த ஒரு வரி இங்கேதான் கைகொடுக்கிறது. "ஏன் வரவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள், பின்தங்கியவர் ஏற்கெனவே கூச்சத்தில் இருப்பார்.

படி 5: ஒப்படைத்த பயிற்சிக்கு இரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள். "நன்று" என்ற ஒற்றைச் சொல் எதையும் கற்பிக்காது. எந்த வரி சரியாக அமைந்தது, அடுத்து எதை மாற்றலாம் என்று குறிப்பிடுங்கள்.

படி 6: தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுங்கள். தன்விருப்பம், திறமை பெறும் உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு அவசியம் என்கிறார்கள் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயானும். இறுதிப் பணிக்கு மூன்று தலைப்புகள் தந்து, நான்காவதை மாணவரே சொல்லலாம் என்று விடுங்கள். ஊக்கப்படுத்த வழங்கும் பதக்கங்களையும் புள்ளிகளையும் நான் பெரிதாக நம்புவதில்லை.

படி 7: பின்தங்கியவர் மீள வழி வையுங்கள். எந்தப் பாடங்கள் கட்டாயம், எவற்றைத் தவிர்க்கலாம் என்று முன்பே குறித்துவிடுங்கள். பாதிப் படிப்பைத் தாண்டியதும் புதுப்பாடம் இல்லாத ஒரு வாரம் விட்டால், பின்தங்கியவர்கள் அந்த வாரத்தில் மற்றவர்களை எட்டிப் பிடிக்கலாம்.