ஹோகே வேலுவே போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம் நகருக்கு வடக்கே இருக்கும் ஹோகே வேலுவே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, அங்கே பைன் மரங்களைப் பிடுங்குவதைப் பார்த்துக் கொதித்துப்போவது. இயற்கையைக் காப்பாற்றுகிற லட்சணமா இது என்று தோன்றும்தான். ஆனால் ஏறக்குறைய 5,400 ஹெக்டேர் உள்ள இந்தப் பூங்காவில் ஹெதர் என்ற குட்டைச் செடிகள் படர்ந்த புதர்வெளியும் மணல்மேடுகளும் மனிதன் கைபட்டு உண்டானவை. பல நூறு ஆண்டுகளாக ஆடு மேய்த்தார்கள், ஹெதரை மேல்மண்ணோடு வெட்டித் தொழுவத்தில் பரப்பி உரமாக்கினார்கள், கடைசியில் அடியில் கிடந்த மணல் காற்றில் பறந்து வயல்களை மூட ஆரம்பித்தது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் பைன் நட்டார்கள். இன்றைக்குச் சும்மா விட்டால் எல்லாம் காடாகிவிடும். அப்புறம் வெறும் மணலில் முட்டையிடும் மணல் பல்லிக்கும், முயல் வளைக்குள் கூடு வைக்கும் வீட்டியர் குருவிக்கும் எங்கே இடம்? போதாக்குறைக்கு, பண்ணைகளிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வந்து படியும் நைட்ரஜன் ஹெதரை அமுக்கிப் புல்லை வளர்த்துவிடுகிறது.

அடுத்து, சுருள் கொம்போடு நிற்கும் மூஃப்லோன் ஆட்டை இந்த மண்ணின் விலங்கு என்று நினைப்பது. முன்பு இந்தப் பூங்கா க்ரொல்லர்-முல்லர் என்ற பணக்காரத் தம்பதியின் சொந்த எஸ்டேட், வேட்டைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஆடுகள் அவை. செம்மானும் ரோ மானும் காட்டுப்பன்றியும்தான் இந்தப் பக்கத்து உயிர்கள். யாரும் கொண்டுவராமல் தானே திரும்பி வந்தது ஓநாய். 2019-ல் பூங்காவைச் சுற்றியுள்ள வேலுவே பகுதியில் குட்டி போட்டது, பிறகு பூங்காவுக்குள்ளும் புகுந்து மூஃப்லோன்களைத்தான் பதம் பார்த்தது.

மதியம் சாவகாசமாகப் போய் மான் தேடுவதும் வீண். செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஆண் செம்மான்கள் உறுமும் பருவம், விடியற்காலையோ அந்தியோ போங்கள். ஹெதரின் ஊதாப் பூக்கள்தான் வேண்டுமென்றால் ஆகஸ்ட். பாதையை விட்டு இறங்காதீர்கள், காட்டுப்பன்றிக்கு பிஸ்கட் போடாதீர்கள், பழகிவிட்டால் அது ஆளைத் தேடி வரும்.

சரி, இன்னொன்று. உள்ளே ஓட்ட வெள்ளை சைக்கிள் இலவசம், ஆனால் பூட்டு கிடையாது. நீங்கள் நிறுத்திவிட்டுப் போனதை வேறொருவர் எடுத்துப் போவது அங்கே சகஜம், அதனால் பையை அதில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். அரைக்கால் சட்டையோடு புதருக்குள் நடந்திருந்தால் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம்.