நிழலில் நிற்கும் பறவைக்கு ஒரு துளி பிளாஷ்

பறவைப் படத்துக்கு பிளாஷா என்று முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். பின்னணி இருண்டு, இறகு வெளுத்து, கண் வெளிறிப்போன படங்களாகப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல் அது, நியாயம்தான். பகல் வெளிச்சத்தில் பிளாஷ் என்பது ரசத்தில் பெருங்காயம் மாதிரி: இருக்க வேண்டும், துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. படம் பார்ப்பவர் "பிளாஷ் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஆறுமணிக் குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து நம் பக்கம் வந்து, ஏப்ரல், மே வாக்கில் திரும்பிவிடும். வெயிலில் வந்து நின்று காட்டுகிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. புதருக்கு அடியில் சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போகும். முகத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, அந்தப் பட்டைக்குள் கறுப்புக் கண். ஒளிப்புள்ளி விழாவிட்டால் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. போதாததற்கு இலைகளுக்குள் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சையடித்துப்போய், வயிற்றின் சந்தன நிறத்தைக் கெடுத்துவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினால் படம் வெளிச்சமாகும், ஆனால் கண்ணில் புள்ளியும் வராது, பச்சையும் போகாது. இந்த இரண்டு வேலைக்குத்தான் பிளாஷ்.

முதலில் பிளாஷை அணைத்தே வையுங்கள். கேமராவை மேனுவலில் போட்டு, அங்கே இருக்கிற வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் (படத்தில் பதிகிற வெளிச்சத்தின் அளவு) வையுங்கள்: உதாரணமாக ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துவாரம் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600. பின்னணி பார்க்கிற மாதிரி வந்து, பறவை மட்டும் லேசாக மங்கி இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம், பிளாஷைப் போட்டதும் சில கேமராக்கள் தம் இஷ்டத்துக்கு ஐஎஸ்ஓவை மாற்றிவிடும். அப்புறம் பிளாஷைப் போட்டு டிடிஎல்லில் (பிளாஷின் அளவைக் கேமராவே கணிக்கிற முறை) வைத்து, அந்த அளவைக் கூட்டிக் குறைக்கிற பிளாஷ் காம்பன்சேஷனை மைனஸ் 2 ஸ்டாப்பில் ஆரம்பியுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி, ஏற்றினால் இரு மடங்கு. தேவைப்பட்டால் மைனஸ் 1 வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் பெரும்பாலும் அடிப்படை எக்ஸ்போஷரே குறைவாக இருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள்.

"அவ்வளவு தூரத்துக்கு பிளாஷ் எட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கைடு நம்பர் (பிளாஷின் சக்தியைச் சொல்கிற எண்) 40 உள்ள பிளாஷ், ஐஎஸ்ஓ 100இல், எஃப்/5.6இல் முழு சக்தியில் 40ஐ 5.6ஆல் வகுத்தால் வருகிற சுமார் 7 மீட்டர் எட்டும். ஐஎஸ்ஓ 1600 என்றால் 4 ஸ்டாப் மிச்சம், ஆகவே அதே 7 மீட்டருக்கு 1/16 சக்தியே போதும். நமக்கு வேண்டியது அதிலும் 2 ஸ்டாப் குறைவு, அதாவது 1/64. கேமராவில் ஐஎஸ்ஓ ஏற ஏற பிளாஷுக்கு வேலை குறைகிறது, பேட்டரி நீடித்து வருகிறது, அடுத்த படத்துக்கு உடனே தயாராகிறது. பெட்டியில் 60 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள், அது பிளாஷின் தலையை முழுக்க ஜூம் செய்து அளந்த கணக்கு.

ஷட்டர் வேகம்தான் பலருக்கும் குழப்பம். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான் சாதாரணமாக பிளாஷ் ஒத்துப்போகும். அதைத் தாண்டினால் ஹைஸ்பீட் சிங்க் போட வேண்டும். அதில் பிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல் விட்டுவிட்டுத் துடிப்பதால் குறைந்தது 2 ஸ்டாப் சக்தி போய்விடும். 1/200இலேயே எடுக்கலாமே என்றால், பறவை அசையும்போது பிளாஷ் ஒரு கூர்மையான உருவத்தையும், இருக்கிற வெளிச்சம் அதன் பக்கத்தில் ஒரு மங்கலான உருவத்தையும் பதித்துவிடும். குருவி தலையை நிமிர்த்தி அசையாமல் நிற்கிற அந்த ஒரு நொடிக்குக் காத்திருந்தால் 1/200 தாராளம், கேமராவைத் தாங்க ஒரு காலூன்றி மட்டும் அவசியம். துள்ளித் திரிகிற ஈப்பிடிப்பான் என்றால் ஹைஸ்பீட் சிங்க்தான், வேறு வழியில்லை. எல்லா ஷட்டர் வேகத்திலும் பிளாஷ் ஒத்துப்போகிற சோனி ஏ9 III 2023இல் அறிவிக்கப்பட்டது, ஆனால் அதன் விலைக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம். இன்னொன்று, மிரர்லெஸ் கேமராவைச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருந்தால் பலவற்றில் பிளாஷ் எரியவே எரியாது. பிளாஷ் கெட்டுவிட்டதென்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிப் பாருங்கள்.

பிளாஷ் லென்ஸை ஒட்டி இருந்தால் வெளிச்சம் கண்ணுக்குள் போய் நேரே திரும்பி வந்து, கண் உலோகம்போலப் பளபளக்கும். ஒரு பிராக்கெட்டில் பிளாஷை முடிந்தவரை மேலே உயர்த்துங்கள், கேபிளோ ரேடியோ ட்ரிக்கரோ போதும். தூரப் பறவைகளுக்கு, பிளாஷின் முன்னால் மாட்டுகிற பிரெனல் லென்ஸ் எக்ஸ்டெண்டர் வெளிச்சத்தைக் குவித்துத் தரும், 300 மிமீக்கு மேற்பட்ட லென்ஸ்களுக்கு நல்ல துணை. ஆனால் அது பூதக்கண்ணாடி என்பதை மறக்க வேண்டாம். சூரியன் அதன் வழியாகப் பின்பக்கமாக விழுந்தால் பிளாஷின் முகப்பு பிளாஸ்டிக் உருகிவிடும். நடக்கும்போது கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

பிளாஷில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பறவைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு இலைதான். குருவி 7 மீட்டரில், இலை 2 மீட்டரில் என்றால், இலையில் விழும் வெளிச்சம் பறவையில் விழுவதைப்போல 12 மடங்கு. சும்மா எடுத்தால் மங்கிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் போகிற இலை, பிளாஷ் போட்டதும் வெள்ளைத் திட்டாக முன்னால் வந்து நிற்கும். அரை அடி நகர்ந்து பாருங்கள், இல்லையா, பிளாஷை விட்டுவிடுங்கள். வால்பாறை மாதிரி இடங்களில் மூடுபனியிலும் இதே கதை: பனித்துளியெல்லாம் வெள்ளைப் புள்ளி. மரத்தில் ஒட்டி நிற்கிற மரங்கொத்திக்குப் பட்டையில் கறுப்பு நிழல் விழும், அளவை இன்னும் குறையுங்கள். வெள்ளை டிஃப்யூசர் குடுவையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 7 மீட்டரில் அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதே தவிர மென்மையாக்குவதில்லை.

டிடிஎல் எல்லா நேரமும் கைகொடுக்காது. பிரேமில் பறவை சின்னதாக, பின்னணி தொலைவில் என்றால் அங்கிருந்து வெளிச்சம் திரும்பாததால் அளவு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பறவையை வெளுக்கடித்துவிடும். கொக்குக்கு மைனஸ் 3 கூட வேண்டியிருக்கும். ஆண் குயிலுக்கு நேர்மாறு, கறுப்பு இறகு வெளிச்சத்தைக் குடித்துவிடும், கொஞ்சம் தாராளமாகக் கொடுங்கள். தூரம் மாறாத இடத்தில், ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிற தேன்சிட்டு மாதிரியான பறவைக்கு, பிளாஷையும் மேனுவலில் வைப்பதே உத்தமம். டிடிஎல் அளவெடுக்க முன்கூட்டியே விடுகிற சின்ன மின்னலில் சில பறவைகள் கண் சிமிட்டிவிடும், மேனுவலில் அந்தத் தொல்லை இல்லை. தேன்சிட்டின் தொண்டையில் உள்ள பளபளப்பு இறகின் நுண்ணமைப்பால் வருவது, வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டால்தான் தெரியும். நிழலில் வெறும் கறுப்பாக இருந்தது பிளாஷில் ஊதாவும் நீலமுமாக எழும்.

சரி, எங்கே வேண்டாம்? கூட்டின் அருகே வேண்டாம், குஞ்சு வைத்திருக்கிற பறவைக்கு வேண்டாம். புலிகள் காப்பகச் சஃபாரிகளில் பொதுவாக பிளாஷுக்கு அனுமதியில்லை, உள்ளே போய் வாதாடாதீர்கள். ஆந்தை, பக்கி போன்ற இரவுப் பறவைகளின் இருட்டுக்குப் பழகிய கண்ணில் பளிச்சென்று அடிப்பதை நான் அறவே தவிர்க்கிறேன், அதுவும் சாலையில் உட்கார்ந்திருக்கிற பக்கியின் கண் கூசுகிற நேரத்தில் ஒரு வண்டி வந்தால் முடிந்தது. வலசை வந்த களைப்பில் அக்டோபர் வாக்கில் சென்னை வீட்டுத் தோட்டத்தில் வந்து ஒடுங்கியிருக்கிற ஆறுமணிக் குருவியையும் பிளாஷ் இல்லாமல் ஓரிரண்டு படத்தோடு விட்டுவிடுங்கள். பகலில்கூட, முதல் வெட்டுக்கே பறவை திடுக்கிட்டு உடம்பை ஒடுக்கினால் அன்றைக்கு பிளாஷ் பைக்குள் போகட்டும்.

அளவு பிடிபட காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கண்ணாடிக் கண் வைத்த ஒரு பொம்மையைத் தோட்டத்து நிழலில் 7 மீட்டர் தள்ளி வைத்து, மைனஸ் 3இல் தொடங்கி ஒவ்வொரு ஸ்டாப்பாக ஏற்றி எடுத்து, கணினியில் வரிசையாக வைத்துப் பாருங்கள். கண்ணில் புள்ளி வந்து, பின்னால் நிழல் இன்னும் விழாத படம் எதுவோ, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டால் உங்கள் பிளாஷுக்கு அதுதான் ஆரம்பப் புள்ளி.