ஜாம் பேண்ட் ரசிகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1965 ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் தோன்றிய கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவும், 1983 இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஃபிஷ் இசைக்குழுவும் அமெரிக்காவில் ஒரு தனி வகை ரசிகரை உருவாக்கின. ஒரே குழுவை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து கேட்பவர் அவர். நேற்றிரவு கேட்ட பாடல் இன்று பெரும்பாலும் வராது, வந்தாலும் அதே வடிவில் வராது என்ற நம்பிக்கைதான் அவரை அடுத்த ஊருக்கு அழைத்துச் செல்கிறது. ஒரு பாடலின் நடுவே, எங்கும் எழுதி வைக்காத இசையை, மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டு அந்த நேரத்திலேயே உருவாக்கிக்கொண்டு போவதைத்தான் இவர்கள் ஜாம் என்கிறார்கள். அப்படி வாசிக்கும் குழுவே ஜாம் பேண்ட்.

இந்த ரசிக வாழ்க்கை சட்டத்தால் நடப்பதன்று. நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளக் குழு தந்த அனுமதி, டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கே கைமாற்றும் வழக்கம், அரங்குக்கு வெளியே வாகன நிறுத்திடத்தில் கூடும் சந்தை என அனைத்தும் ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கையில் நிற்கின்றன. அந்த நம்பிக்கையைத் தெரிந்தோ தெரியாமலோ கெடுக்கும் செயல்களையே நான் இங்கு முக்கியமான தவறுகளாகக் கருதுகிறேன். கேட்கும் முறையில் நேரும் தவறுகளும் அவற்றோடு சேர்ந்தவைதான்.

புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, ஸ்டுடியோ ஆல்பத்தைக் கேட்டுவிட்டுக் குழுவைப் பற்றி முடிவு கட்டுவது. கிரேட்ஃபுல் டெட்டின் 'டார்க் ஸ்டார்' 1968 இல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மறுஆண்டு வெளியான 'லைவ்/டெட்' என்ற மேடைப்பதிவுத் தொகுப்பில் அதே பாடல் 23 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. முதல் வடிவத்தை மட்டும் கேட்டவர் அந்தப் பாடலின் விதையைத்தான் பார்த்திருக்கிறார். இந்தக் குழுக்களின் உண்மையான படைப்பு மேடையில் இருக்கிறது. ஆல்பம் அதற்கான குறிப்பு மட்டுமே.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. ஓரளவு கேட்டுப் பழகியவர், தனக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலை மனத்தில் சுமந்துகொண்டு அரங்குக்குள் நுழைகிறார். அந்தப் பாடல் வரவில்லையென்றால் இரவே வீணாகிவிட்டதாக எண்ணுகிறார். சிறிய பாடல் என்று தெரிந்தால் குடிப்பதற்கு ஏதேனும் வாங்க வெளியே போய்விடுகிறார். 2017 இல் ஃபிஷ் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது. 237 பாடல்கள் இசைக்கப்பட்டும் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. அந்த வரிசையின் ஓர் இரவில், வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் 'லான் பாய்' என்ற மென்மையான பாடல் ஏறத்தாழ அரைமணி நேரம் வளர்ந்தது. பாடலின் பெயரை மட்டும் கேட்டு எழுந்து போனவர்கள் அந்த வரிசையின் மிகவும் பேசப்பட்ட பகுதிகளில் ஒன்றை இழந்தார்கள். பாடல் பட்டியலைக் கைப்பேசியில் உடனுக்குடன் குறித்துக்கொள்வதும், ஒரு பாடல் கடைசியாக எத்தனை நிகழ்ச்சிகளுக்கு முன்பு வாசிக்கப்பட்டது என்று நடுவிலேயே தேடிப் பார்ப்பதும் வீட்டுக்குத் திரும்பிய பிறகு செய்யக்கூடிய வேலைகள்.

கிரேட்ஃபுல் டெட் நிகழ்ச்சிகளின் இரண்டாம் பாதியில் பல ஆண்டுகள் ஒரு நிலையான பகுதி இருந்தது. மற்றவர்கள் மேடையை விட்டு இறங்கிவிட, பில் க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் தாளக் கருவிகளை மட்டும் வாசிப்பார்கள். அதைத் தொடர்ந்து தாளமே இல்லாத ஒலிப்பரப்பு ஒன்று விரியும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனை நோக்கிக் கிளம்பும் கூட்டத்தைப் போலவே, இங்கும் அந்த நேரத்தைக் கழிப்பறைக்கு உரியதென்று வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். மிக்கி ஹார்ட் தாளத்தை எவ்வளவு ஆழமாகத் தேடியவர் என்பதற்கு அவரது 'பிளானட் டிரம்' தொகுப்பே சான்று. 1991 இல் வெளியாகி, உலக இசைக்கான கிராமி விருதைப் பெற்ற அந்தத் தொகுப்பில் ஜாகிர் உசேனின் தபலாவோடு நம் விக்கு விநாயகராமின் கடமும் ஒலிக்கிறது. அந்தத் தேடலின் பலனைத்தான் ஹார்ட் ஒவ்வோர் இரவும் மேடையில் எடுத்து வைத்தார்.

மெல்லிய பகுதிகளில் உரக்கப் பேசிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய குற்றம், ஏனெனில் எழுந்து போனவர் தன் செவிக்கு மட்டுமே தீங்கு செய்கிறார், பேசுபவரோ சுற்றிலும் இருக்கும் இருபது பேரின் இரவைக் கெடுக்கிறார். தரைப் பகுதியில் பெரிய விரிப்பை விரித்து, இன்னும் வந்து சேராத நண்பர்களுக்கு இடம்பிடித்து வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். முன்வரிசையை விரும்புபவர் முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். வராதவர்களின் பெயரால் இடத்தை அடைத்து வைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

ஒலிப்பதிவுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த வாழ்க்கையின் முதுகெலும்பே அவைதாம். பெரும்பாலான இசைக்குழுக்கள் ரசிகர்களின் பதிவுக் கருவிகளைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் கிரேட்ஃபுல் டெட் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து, ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் டேப்பர்கள் எனப்படும் இந்தப் பதிவாளர்களுக்கென்று தனிப் பகுதியையே ஒதுக்கியது. இந்தப் பெருந்தன்மைக்கு ஒரே நிபந்தனை, பதிவை விற்கக் கூடாது என்பது. கேசட் காலத்தில் புதியவர் ஒருவர் பதிவு கேட்டால், வெற்று நாடாக்களையும் திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவையும் மட்டும் அனுப்பச் சொல்வது வழக்கமாக இருந்தது. பணம் கேட்பவரை யாரும் மதிக்கவில்லை. இன்றும் பதிவை விலைக்கு விற்பவர், முகம் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

இணையக் காலத்தில் அதே ஒழுக்கம் வேறு வடிவம் பெற்றது. எம்பி3 கோப்பு, அளவைக் குறைப்பதற்காக ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் களைந்துவிடுகிறது. ஃப்ளாக் கோப்பு எதையும் இழக்காமல் சுருக்குகிறது. ஒருவர் எம்பி3 கோப்பை மறுபடி ஃப்ளாக்காக மாற்றிச் சுற்றுக்கு விட்டால், பெயரளவில் அது இழப்பற்ற கோப்பாக இருந்தாலும் போன ஒலி திரும்பி வராது. பெறுபவர் அதை நல்ல பிரதி என்று நம்பி மேலும் பலருக்குக் கொடுப்பார். சில ஆண்டுகளில் எது மூலத்தின் பிரதி என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். ஆகவே எந்த மைக், எந்தக் கருவி, எத்தனையாவது பிரதி என்ற விவரங்கள் அடங்கிய குறிப்புக் கோப்பை அழித்துவிடுவதும், பதிவு செய்தவரின் பெயரை நீக்கிவிட்டுப் பகிர்வதும் சிறு அலட்சியங்களாகத் தோன்றினாலும் பெருந்தீங்கு விளைவிப்பவை.

ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாக எடுத்த பதிவை மட்டுமே கேட்பேன் என்ற பிடிவாதமும் தவறே. அந்தப் பதிவில் குரலும் கருவிகளும் துல்லியமாக இருக்கும், அரங்கம் இருக்காது. டேப்பர் பகுதியில் நல்ல மைக்குகளைக் கொண்டு எடுத்த பதிவில், கூட்டம் ஒரு திருப்பத்தை அடையாளம் கண்டு ஆர்ப்பரிக்கும் தருணம் கேட்கும், அந்த ஆர்ப்பரிப்புக்கு மேடை பதில் சொல்வதும் கேட்கும். டேப்பர்களுக்கு அருகில் நிற்க நேர்ந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கே நீங்கள் நண்பரிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்த இரவின் பதிவில் நிரந்தரமாக ஏறிவிடும்.

இனி அரங்குக்கு வெளியே. டிக்கெட் இல்லாமல் ஊருக்கு வந்து, ஒரு விரலை உயர்த்திக்கொண்டு யாரேனும் இலவசமாகத் தருவார்களா என்று காத்திருப்பது இந்த உலகின் பழைய வழக்கம். சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் அதையே திட்டமாக வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் கூடும்போது என்ன ஆகும் என்பதை 1995 காட்டியது. 1987 இல் 'டச் ஆஃப் கிரே' பாடல் வெற்றி பெற்ற பின் வந்து சேர்ந்த புதிய கூட்டத்தை அரங்குகள் தாங்க முடியாமல் இருந்தன. 1995 ஜூலை 2 ஆம் நாள், இண்டியானா மாநிலத்தின் டியர் க்ரீக் அரங்கில், டிக்கெட் இல்லாதவர்கள் வேலியைத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அதைக் கைதட்டி வரவேற்றார்கள். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. மறுநாள் நிகழ்ச்சி ரத்தானது. டிக்கெட் இல்லையென்றால் வராதீர்கள் என்று குழுவே ரசிகர்களுக்கு மடல் எழுத வேண்டியதாயிற்று. ஒரு வாரம் கழித்து, ஜூலை 9 அன்று சிகாகோவில் நடந்ததே கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியாவோடு அந்தக் குழு வாசித்த கடைசி நிகழ்ச்சி. ஆகஸ்ட் 9 அன்று அவர் காலமானார். வேலியை உடைத்தவர்களை மட்டும் குறை சொல்வது போதாது. கைதட்டியவர்களும் அந்தப் பாழில் பங்காளிகள் என்றே நினைக்கிறேன்.

ஃபிஷ் ரசிகர்களுக்கும் இத்தகைய பாடம் உண்டு. 1996 இல் கொலராடோவின் ரெட் ராக்ஸ் அரங்கை ஒட்டிய மாரிசன் என்ற சிற்றூரில் கூட்டம் ஏற்படுத்திய குழப்பத்துக்குப் பின், 2009 வரை அக்குழு அந்த அரங்கில் வாசிக்கவில்லை. அரங்கைச் சுற்றியுள்ள ஊரும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி. அங்கே குப்பை போடுவதும், வீடுகளின் முன் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குவதும், அடுத்த ஆண்டு இசை அங்கே ஒலிக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. கூடுதல் டிக்கெட் கையில் இருந்தால் அச்சிட்ட விலைக்குத் தந்துவிடுங்கள். கள்ளச்சந்தை விலைக்கு விற்பவருக்கு இந்தக் கூட்டத்தில் மன்னிப்பு கிடையாது, கிடைக்கவும் கூடாது.

போதைப்பொருளைப் பற்றிப் பேசாமல் இந்த விளக்கம் நேர்மையாகாது. வாகன நிறுத்திடத்தில் அது தாராளமாகக் கைமாறுவதைக் கண்டு, இங்கே சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்வது உயிரையும் வாழ்வையும் குலைக்கும் தவறு. 1991 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாப்மன் வழக்கில், எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து தடவப்பட்ட காகிதத்தின் எடையையும் சேர்த்தே தண்டனையைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மருந்தின் எடை ஏறத்தாழ 50 மில்லிகிராம், காகிதத்தோடு 5.7 கிராம். ஒரு கிராமைத் தாண்டினாலே குறைந்தது ஐந்தாண்டுச் சிறை என்பது சட்டம். டெட்ஹெட்கள் எனப்படும் கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களில் இளைஞர்கள் பலர் தொண்ணூறுகளில் நெடுங்காலம் சிறையில் கிடந்தார்கள். பலூன்களில் விற்கப்படும் நைட்ரஸ் ஆக்சைடு விளையாட்டுப் பொருளாகத் தோன்றுகிறது; நின்ற நிலையிலேயே மயங்கி விழச் செய்வதும், உடலில் பி12 உயிர்ச்சத்தைச் செயலிழக்க வைத்து நரம்புகளைப் பாதிப்பதும் அதன் இயல்பு. போதை இல்லாமல் இந்த இசையைக் கேட்க முடியாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். கிரேட்ஃபுல் டெட் நிகழ்ச்சிகளில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே இடைவேளையில் கூடிவந்த வார்ஃப் ராட்ஸ் குழுவினரும், ஃபிஷ் நிகழ்ச்சிகளில் ஃபெலோஷிப் குழுவினரும், போதையை விட்டு விலகி நின்றே இசையை முழுமையாக அனுபவிக்கிறார்கள்.

உடல்நலத்தில் செய்யும் தவறுகள் எளிதில் திருத்தக்கூடியவை. 100 டெசிபல் ஒலியில் 15 நிமிடங்களுக்கு மேல் இருப்பது செவிக்கு ஆபத்து என்பது அமெரிக்கப் பணிநல அமைப்பின் வரையறை. மூன்று மணி நேர நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கேட்பவர், இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது. நிகழ்ச்சி முடிந்த நள்ளிரவில் அடுத்த ஊருக்குத் தனியாக வண்டி ஓட்டவும் கூடாது. திறந்தவெளி விழாக்களுக்குச் செல்பவர்கள் மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். 2004 இல் வெர்மான்ட்டின் கோவென்ட்ரியில் நடந்த ஃபிஷ் விழாவில் மழை நிலத்தைச் சேறாக்கியதால், ரசிகர்கள் நெடுஞ்சாலையிலேயே வண்டிகளை விட்டுவிட்டு மைல் கணக்கில் நடந்தார்கள். 2018 இல் அதே குழுவின் கர்வ்பால் விழா, வெள்ளத்தால் குடிநீர் மாசடைந்ததால், தொடங்குவதற்கு முந்தைய நாள் ரத்தானது. அதற்குள் பலர் வந்து இறங்கிவிட்டிருந்தார்கள்.

கடைசியாக, நீண்டகால ரசிகர்கள் செய்யும் தவறு. கார்சியாவைப் பார்க்காதவர் எதையும் பார்க்கவில்லை, 1977 க்குப் பின் வந்தவை சரிவு, தொண்ணூறுகளின் ஃபிஷ்தான் ஃபிஷ் என்றெல்லாம் புதியவரிடம் சொல்வது அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆர்வத்தோடு கேட்டு வந்தவருக்கு ஐம்பது மணி நேரப் பதிவுகளை ஒரே நாளில் அனுப்பி வைப்பதும் அதே விளைவைத்தான் தரும். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் வாசித்த இரவு, நாடாக்கள் வழியாகவே புகழ்பெற்று, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' மெல்லக் கரைந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆகிறது. இரண்டும் சேர்ந்து அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதை மட்டும் கொடுங்கள். முதல் பாடல் எந்த இடத்தில் முடிந்தது என்று அவரே தேடிப் பார்க்கட்டும். அடுத்து எதைக் கேட்கலாம் என்று அவர் வந்து கேட்கும்போது மற்றவற்றைப் பேசிக்கொள்ளலாம்.